பீப்பாய்க் கிடங்கின் சன்னல்கள் ஏன் அவ்வளவு சின்னவை? (டொராண்டோ டிஸ்டிலரி வட்டாரம்)

கெடிலக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். டொராண்டோ வந்து மூன்று வருடம் ஆகிறது, ஸ்கார்பரோவில் இருக்கிறோம். ஊரிலிருந்து மாமனார் வந்திருக்கிறார். போன ஞாயிறு அவரை டிஸ்டிலரி வட்டாரத்துக்குக் கூட்டிப் போனோம். கிங் தெருவில் டிஸ்டிலரி என்று போட்ட 504 டிராம் பிடித்தால் கடைசி நிறுத்தமே அங்கேதான். செங்கல் பாவிய தெரு, கார் வராது, காபிக் கடை, ஓவியக் கடை, சாக்லேட் கடை. பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

மாமா முப்பது வருடம் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் பாய்லர் பக்கம் வேலை பார்த்தவர். ஈ.ஐ.டி. பாரி என்கிறோமே, அந்த ஈ.ஐ.டி. என்பது ஈஸ்ட் இந்தியா டிஸ்டிலரீஸ். அதனால் டிஸ்டிலரி என்ற பெயரைப் பார்த்ததுமே அவருக்கு ஒரு ஆர்வம். நாங்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது ஆளைக் காணவில்லை. தேடிப் போனால், யாருமே நின்று பார்க்காத ஒரு பெரிய செங்கல் கிடங்கின் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். அண்ணாந்து சன்னல்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

அவர் கேட்டதை அப்படியே எழுதுகிறேன். சன்னல் ஏன் இவ்வளவு சின்னதாக, வரிசை வரிசையாக, கெட்டியான கதவோடு இருக்கிறது? இவ்வளவு உயரமான கட்டடத்தில் பாரம் வைத்தால் செங்கல் சுவர் எப்படித் தாங்கியது? அந்தப் பக்கம் சாம்பல் நிறக் கருங்கல் மாதிரி ஒன்றில் பெரிய ஆலை இருக்க, இது மட்டும் ஏன் செங்கல்? கப்பலில் சரக்கு வந்தது என்று பலகையில் போட்டிருக்கிறது, ஏரி எங்கே?

எனக்கு ஒன்றுக்குமே பதில் தெரியவில்லை. "தெரியலைம்மா என்றால் பரவாயில்லை, தெரிஞ்சவங்க யாராவது இருப்பாங்க" என்றார். அவர் ஊருக்குத் திரும்ப இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது. பதிலோடு இன்னொரு முறை கூட்டிப் போக ஆசை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

சாந்தகப்பை எழுதியது:

தங்கச்சி, உங்கட மாமா கேட்ட கேள்வியள் ஒரு வேலைக்காரன்ர கேள்வியள். நான் முப்பது வருசத்துக்கு மேல இஞ்ச மேசன் வேலை செய்யிறன், கனக்கவும் பழைய கட்டடங்கள். 2002 இல அதே இடத்தில ஒரு குளிர்காலம் முழுக்கச் சாரக்கட்டில நிண்டனான். நேரம் எடுத்து எழுதுறன், மாமாவுக்கு வாசிச்சுக் காட்டுங்கோ.

எங்கட ஊர் வடமராட்சி. பக்கத்தில திக்கம், அங்க பனங்கள்ளில சாராயம் வடிக்கிற வடிசாலை. அதால எனக்கு இது டிஸ்டிலரி இல்லை, வடிசாலைதான். இந்த வடிசாலையின்ர பெயர் குடர்ஹாம் அண்ட் வோர்ட்ஸ். சாராயம் வடிக்கத் தொடங்கினது 1837 இல, பூட்டினது 1990 இல. நான் ரொறன்ரோவுக்கு வந்து இறங்கினதும் 1990 இலதான்.

முதல் சன்னல். அதுக்கு விடை சட்டத்தில இருக்கு. ஆரம்பத்தில விஸ்கி வடிச்ச கையோட கரியில வடிகட்டி விக்கிற சாமான். பேந்து கனடா அரசாங்கம், விஸ்கி எண்டால் குறைஞ்சது ரெண்டு வருசம் பீப்பாயில கிடக்க வேணும் எண்டு 1890 அளவில சட்டம் போட்டுது. பிரித்தானியாவே அப்பிடி ஒரு சட்டத்துக்கு 1915 இலதான் வந்தது. இப்ப யோசிச்சுப் பாருங்கோ. வருசத்துக்கு லட்சக்கணக்கான கலன் (கேலன்) வடிக்கிற ஒரு ஆலை, வடிச்ச அவ்வளவையும் ரெண்டு வருசம் வைச்சிருக்க வேணும். எங்க வைக்கிறது? அதுக்குத்தான் இந்தக் கிடங்குகள். மாமா எந்தக் கிடங்குக்கு முன்னால நிண்டவர் எண்டு நீங்கள் எழுதேல்லை. அங்க இருக்கிற 'டி' எண்ட எழுத்துக் கிடங்கு 1895 இல கட்டினது. சட்டம் வந்து அஞ்சு வருசம்.

இனி பாரம். மாமா பிடிச்ச இடம் சரியான இடம். 200 லீற்றர் பீப்பாய் ஒண்டு நிறைஞ்சு கிடந்தால் கால் தொன்னுக்குக் கிட்ட வரும். அப்பிடி ஆயிரக்கணக்கில. சுவர் தாங்காது. தாங்கவும் தேவையில்லை. இந்த மாதிரிக் கிடங்குக்குள்ள நீங்கள் நினைக்கிற மாதிரி மாடியே இல்லை. நிலத்தில இருந்து கூரை வரைக்கும் மரச்சட்டத்தால ஒரு பெரிய அடுக்கு, எங்கட வீட்டுப் பரண் மாதிரி, ஒண்டுக்கு மேல ஒண்டு. பீப்பாயை உருட்டிக் கொண்டு வந்து சட்டத்தில படுக்க வைக்கிறது. பீப்பாய்க்கு மேல பீப்பாய் குந்தாது, ஒவ்வொண்டும் தன்ர சட்டத்தில. அதால எந்தப் பீப்பாயையும் மற்றதை அசைக்காமல் எடுக்கலாம், எல்லாத்தையும் சுத்திக் காத்துப் போகும். கென்ரக்கியில பிரெடெரிக் ஸ்ரிட்சல் எண்டவர் 1879 இல இந்த அடுக்கு முறைக்குக் காப்புரிமை எடுத்தவர். பாரம் முழுக்க அந்த மரத்தில இறங்கி நிலத்துக்குப் போகுது. செங்கல் சுவர் தன்னை மட்டும்தான் தூக்குது. அது ஒரு சட்டை.

சன்னல் வரிசையும் அந்த அடுக்குக்கு ஏத்த மாதிரித்தான். ஆள் நிண்டு வேலை செய்யிற மாடி உயரம் அங்க தேவையில்லை. காத்துக்கும் கொஞ்ச வெளிச்சத்துக்கும் ஒரு ஓட்டை காணும். சாராய ஆவி நிக்கிற இடத்துக்குள்ள விளக்குக் கொண்டு போகேலாது. கதவு ஏன் அவ்வளவு தடிப்பு எண்டால், உள்ள கிடக்கிறதுக்கு இன்னும் வரி கட்டேல்லை. வெளியில எடுக்கிற அண்டைக்குத்தான் வரி. அதுவரைக்கும் அது அரைவாசி அரசாங்கத்தின்ர சொத்து மாதிரி. ஊரில மதுவரித் திணைக்களம் எண்டு சொல்லுவம், அந்த மாதிரி உத்தியோகத்தர் இஞ்சயும் இருந்தவை. அவையின்ர அனுமதி இல்லாமல் ஒரு பீப்பாய் வாசலைத் தாண்டாது.

இதை ஏன் இவ்வளவு விரிவா எழுதுறன் எண்டால், அடுக்கை எடுத்துப்போட்டால் இந்தக் கிடங்கு வெறும் கூடு. மாடி இல்லை, சன்னல் காணாது. கடை போடவும் கஷ்டம், வீடு கட்டவும் கஷ்டம். தாங்கிகள் வைச்சிருந்த கட்டடங்களைத் திருத்தி 2006 இல நாடக அரங்கு ஆக்கினவை, நல்லா வந்தது. பெட்டிச் சரக்கு வைச்ச 1927 ஆம் ஆண்டுக் கிடங்கில ஓவியருக்கும் கைவேலை செய்யிற ஆக்களுக்கும் அறைகள் குடுத்தவை, அதுக்கு உண்மையான மாடிகள் இருக்கு. பீப்பாய்க் கிடங்குதான் எல்லாத்திலயும் சங்கடமான பிள்ளை. எனக்கு அதிலதான் பட்சம் கூட.

கருங்கல் எண்டு மாமா சொன்னது கருங்கல் இல்லை. சுண்ணாம்புக்கல். கிங்ஸ்ரன் பக்கத்துக் கல்லகழிகளில வெட்டிப் பாய்க்கப்பலில ஒன்ராறியோ ஏரியால கொண்டு வந்தது. 1859 இல கட்டத் தொடங்கினவை, டேவிட் ரொபேட்ஸ் எண்டவர் வரைஞ்ச படம். எங்கட குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல்தானே, அந்தச் சுவரை முதல்முறை கையால தொட்டபோது எனக்கு வீட்டுக் கிணத்துக்கட்டு ஞாபகம் வந்தது. 1869 ஒக்ரோபர் 26 இல பெரிய நெருப்பு. உள்ளுக்க இருந்த மரம் முழுக்க எரிஞ்சு போச்சுது, கல்லுச்சுவர் நிண்டது. அதே சுவருக்குள்ள திருப்பிக் கட்டி, 1871 இல இருபது லட்சம் கலனுக்கு மேல வடிச்சவை. ஒன்ராறியோவில வடிச்ச சாராயத்தில அரைவாசிக்குக் கிட்ட.

ஏரி எங்க எண்டால், நிரப்பிப் போட்டாங்கள். 1832 இல வோர்ட்ஸ் தானியம் அரைக்கக் கட்டின காத்தாலை தண்ணிக் கரையிலதான் நிண்டது. அந்தக் காத்தாலையை ஒரு முனையா வைச்சுத்தான் துறைமுகத்துக்கு எல்லைக்கோடு கீறினவை, இண்டைக்கும் பழைய வரைபடங்களில காத்தாலைக் கோடு எண்டு இருக்கும். இப்ப தெற்க போனால் தண்டவாளம், அதுக்கங்கால கார்டினர் நெடுஞ்சாலை, அதுக்கங்காலதான் தண்ணி.

இன்னும் ஒண்டு, மாமா கட்டாயம் பாக்க வேணும். சாந்து. இந்தக் கட்டடங்கள் கட்டின காலத்துச் சாந்து சுண்ணாம்பு. எங்கட அப்பா சுண்ணாம்புச் சூளையில வேலை செய்தவர், எனக்கு அந்த மணம் சின்ன வயசிலயே தெரியும். சுண்ணாம்புச் சாந்து செங்கல்லை விட மெதுமையானது. சுவருக்குள்ள போன ஈரம், செங்கல்லுக்கு இடையில சாந்து வைச்ச மூட்டால வெளியேறும். இஞ்சத்தக் குளிரில ஈரம் உறைஞ்சு பருத்தால், மெதுவான சாந்து விட்டுக் குடுக்கும், கல் தப்பும். சீமெந்து அப்பிடி இல்லை. இறுகி நிக்கும். ஈரம் போக வழியில்லாமல் செங்கல்லுக்குள்ளயே உறைஞ்சு, கல்லின்ர முகம் ஓடு மாதிரி உரிஞ்சு விழும்.

தொண்ணூறுகளில ஒரு கொம்பனியில இருக்கேக்க, நூறு வருசத்துக்கு மேல பழைய ஒரு வீட்டுக்கு மூட்டுப் போட அனுப்பினவை. "சீமெந்து கூடப் போடு, சீக்கிரம் இறுகும்" எண்டு மேற்பார்வைக்காரன் சொன்னான். நான் புது ஆள், வேலை தேவை, போட்டன். மூண்டு குளிர்காலம் கழிச்சு அந்தத் தெருவால போனன். வாசலுக்கு இடப்பக்கச் சுவரில ஒரு ஆள் உயரத்துக்குச் செங்கல் எல்லாம் முகம் இல்லாமல் நிக்குது. நான் சாந்தகப்பை பிடிச்ச அதே இடம். வீட்டுக்காரக் கிழவி வாசலில குந்தியிருந்தவ. நான் ஒண்டும் சொல்லாமல் போட்டன். அது இண்டைக்கும் என்ர நெஞ்சில கிடக்கு. அதுக்குப் பிறகுதான் சுண்ணாம்பு வேலையைத் தேடிப் போய்ப் படிச்சனான்.

கிடங்குச் சுவரில மூட்டுகளைப் பாக்கச் சொல்லுங்கோ. சுரண்ட வேண்டாம், விரல் நுனியால தொட்டால் காணும்.

---

அமிர்தகழி எழுதியது:

அண்ணன் எழுதியது நல்ல விளக்கம், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு ஒன்று கேட்க வேண்டும்.

நான் மட்டக்களப்பு. எங்கட வீட்டில் குடியால் என்ன நடந்தது என்று இங்கே எழுத மாட்டேன். அம்மா காதுத்தோடு அடகு வைத்த கதை போதும். என்னுடைய சிநேகிதிகள் அந்த இடத்துக்குக் கூப்பிட்டார்கள், ஒரு முறை போனேன். பழைய பீப்பாய், பழைய செப்புக் குழாய், எல்லாம் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள். இந்தச் சாராயத்தைக் குடித்த வீடுகளில் என்ன நடந்தது, பக்கத்துத் தெருவில் இருந்த கூலிக்காரர் பெண்சாதி பிள்ளைகள் எப்படி இருந்தார்கள் என்று ஒரு பலகையும் என் கண்ணில் படவில்லை. சுவரைக் காப்பாற்றுகிற அளவுக்கு அந்த மனிதர்களையும் நினைக்க வேண்டாமா? 1988 இல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்று அறிவித்தார்களே, அதில் எதைச் சின்னம் என்கிறோம்?

சண்டைக்குக் கேட்கவில்லை. மனதில் இருந்ததைக் கேட்டேன்.

---

சாந்தகப்பை எழுதியது:

பிள்ளை, நீங்கள் கேட்டது நியாயம். எனக்கு முழு விடை தெரியாது. எனக்குத் தெரிஞ்ச அந்த இடத்துக் கதையில அழகில்லாத பக்கத்தையும் சொல்லுறன்.

முதலே துக்கத்திலதான் தொடங்குது. ஜேம்ஸ் வோர்ட்ஸ் எண்டவர் 1831 இல இங்கிலாந்து சபக் பக்கத்தில இருந்து வந்தவர். மச்சான் வில்லியம் குடர்ஹாம் அடுத்த வருசம் குடும்பமும் அநாதைப் பிள்ளையளுமா ஐம்பதுக்கு மேற்பட்ட ஆக்களோட வந்து சேந்தவர். 1834 இல வோர்ட்ஸின்ர மனுசி பிள்ளைப்பேறில செத்துப்போனா. ரெண்டு கிழமையால அவர் ஆலைக் கிணத்தில விழுந்து செத்தார். குடர்ஹாம்தான் தனிய நடத்தி, பேந்து வோர்ட்ஸின்ர மகனைப் பங்காளி ஆக்கினவர். அவ்வளவு பெரிய கல்லுக் கட்டடத்தைப் பாக்கேக்க நான் அந்தக் கிணத்தைத்தான் நினைப்பன்.

ரெண்டாவது, மாடு. வடிச்ச பிறகு மிஞ்சிற தானியக் கூழை மாட்டுக்குப் போட்டவை. டொன் ஆத்துக்கு அங்கால பெரிய பெரிய மாட்டுக்கொட்டில்கள். அந்தச் சாணி மூத்திரம் முழுக்க அஷ்பிரிட்ஜஸ் குடாவுக்குள்ள போய், பறவையும் மீனும் இருந்த சதுப்புநிலம் நாறிப்போச்சுது. கிழக்குப் பக்கச் சனம் வருசக்கணக்கா முறைப்பாடு செய்தவை. பேந்து அந்தக் குடாவையே நிரப்பிப்போட்டாங்கள். இண்டைக்குத் துறைமுக நிலம் எண்டு சொல்லுற பெரும்பகுதி அதுதான்.

மூண்டாவது, முதலாம் உலகப்போர். 1916 இல ஒன்ராறியோவில மதுவிலக்கு வந்தது. அதே காலத்தில ஆலையைப் போர் வேலைக்குக் குடுத்து, சோளத்தைப் புளிக்க வைச்சு அசிற்றோன் எண்ட இரசாயனம் எடுத்தவை. குண்டுக்கு வேண்டிய கோர்டைற் வெடிமருந்து செய்யிறதுக்கு அது தேவை. அந்தப் புளிக்க வைக்கிற முறையைக் கண்டுபிடிச்சவர் கைம் வைஸ்மன், பிற்காலத்தில இஸ்ரேலின்ர முதல் சனாதிபதி. சாராயம் நிண்ட இடத்தில வெடிமருந்துச் சாமான் வந்தது. 1923 இல ஹரி ஹட்ச் எண்டவர் ஆலையை வாங்கினார். ஏரிக்கு அங்கால அமெரிக்காவில அப்ப மதுவிலக்கு. இவற்ற சரக்கைப் படகில கடத்தினவையை ஹட்சின்ர கடற்படை எண்டு பேர் வைச்சுச் சொல்லுவினம். 1927 இல ஒன்ராறியோவில மதுவிலக்கு எடுபட்டு அரசாங்கக் கடை திறந்தது. பெட்டிக் கிடங்கு கட்டினதும் அதே வருசம்.

நீங்கள் கேட்ட கூலிக்காரச் சனம் இருந்த இடம் கோர்க்ரவுண், கன பேர் ஐரிஷ்காரர். திரினிற்றி வீதியால வடக்க நடந்து கிங் வீதிக்குக் கிட்டப் போனால் சின்ன திரினிற்றிக் கோயில் எண்டு ஒரு தேவாலயம் நிக்குது, 1843 இல எழும்பினது. கோயிலில இருக்கைக்கு வாடகை குடுக்க ஏலாத ஏழையளுக்கான கோயில். பக்கத்தில 1848 ஆம் ஆண்டுப் பள்ளிக்கூடம். இனொக் ரேணர் எண்ட பியர் ஆலைக்காரன் தன்ர காசில கட்டினது, நகரத்தின்ர முதல் இலவசப் பள்ளிக்கூடம். வடிசாலைக்குப் போற ஆக்களில நூற்றில ஒருத்தர் அங்க போறாரோ தெரியாது. வடிசாலையைப் பாத்த கையோட அந்தப் பள்ளிக்கூட வாசலிலயும் அஞ்சு நிமிசம் நில்லுங்கோ எண்டுதான் எல்லாருக்கும் சொல்லுறனான். உங்களுக்கும் சொல்லுறன், பிள்ளை. அங்க ஒருக்கா போங்கோ. பீப்பாயடிக்குப் போகத் தேவையில்லை.

நான் ஏன் சுவரைக் காப்பாத்த வேணும் எண்டு நினைக்கிறன் எண்டால், அந்தச் சுவரை வைச்ச மேசன்மாற்ற பேர் ஒரு இடத்திலயும் இல்லை. மூட்டில அவையின்ர கை இருக்கு. கரண்டி இழுத்த கோடு தெரியும். அதையும் சீமெந்தால மூடிப்போட்டால் அவை இருந்ததுக்கு ஒரு சாட்சியும் இல்லை.

---

அஜின்கோர்ட் பயணி எழுதியது:

ஸ்காபரோவில் இருப்பவர்களுக்கு ஒரு சிறு தகவல். நான் தினமும் ஸ்டூஃப்வில் தடத்துக் கோ புறநகர் ரயிலில் வேலைக்குப் போகிறவன்.

அந்தத் தடம் ஸ்காபரோவுக்குள் வருவதற்குக் காரணமே இந்த வடிசாலைதான் என்றால் பாதி உண்மை. 1871 இல் ஓடத் தொடங்கிய ரொறன்ரோ - நிபிசிங் ரயில்வே அது. மூன்றரை அடி அகலக் குறுகிய பாதை. குடர்ஹாம் குடும்பம் அதில் பெரிய முதலாளி, மகன் வில்லியம் குடர்ஹாம்தான் நடத்தினார். அக்ஸ்பிரிட்ஜ் பக்கத்துத் தானியமும் விறகும் வடிசாலைக்கு நேரே வரவேண்டும் என்பது அவர்களுடைய கணக்கு. நகரத்து நிலையம் பெர்க்லி வீதியில், வடிசாலையிலிருந்து கூப்பிடு தூரம். அஜின்கோர்ட், மில்லிகன், ஊனியன்வில் எல்லாம் அந்தப் பாதையில் வந்த நிலையங்கள். இன்றைக்கு எங்கள் சனம் இடியப்பம் கட்டிக்கொண்டு ஏறுகிற பெட்டி, அன்றைக்குச் சோளமும் மற்றத் தானியமும் ஏறி வந்த பாதையில்தான் போகிறது.

இன்னொன்று, வங்கி. ரொறன்ரோ வங்கியின் தலைவராக 1864 முதல் சாகும் வரை, அதாவது 1881 வரை, இருந்தவர் மூத்த வில்லியம் குடர்ஹாம். அந்த வங்கி 1955 இல் டொமினியன் வங்கியோடு சேர்ந்து டிடி வங்கி ஆனது. சம்பளம் அதில் விழுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்.

ஃப்ரண்ட் வீதியும் வெலிங்டன் வீதியும் சேரும் மூலையில் இஸ்திரிப் பெட்டி மாதிரி ஒரு சிவப்புக் கட்டடம் நிற்கிறதே, எல்லோரும் படம் எடுப்பது, அதுவும் இவர்களுடைய அலுவலகம்தான். 1892. நியூயார்க்கில் உள்ள அதே வடிவக் கட்டடத்துக்குப் பத்து வருடம் மூத்தது. கிடங்கில் பீப்பாய் கிடந்த காலத்தில் கணக்கு அங்கே நடந்தது.

சாந்தகப்பை அண்ணன் கோபுரங்களைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. பக்கத்திலேயே முப்பது, நாற்பது மாடிக் குடியிருப்புகள் எழும்பி நிற்பது எனக்கு நெருடுகிறது. அண்ணன் என்ன நினைக்கிறீர்கள்?

---

சாந்தகப்பை எழுதியது:

தம்பி, ரயில் கதை எனக்குப் புதுசு. நான் எக்ளின்ரனில இருக்கிறன், அந்தப் பாதையைத் தினமும் கடக்கிறனான். நன்றி.

கோபுரம் பற்றி. கோபுரக் காசு இல்லாட்டிப் பழைய கட்டடத்தைத் திருத்த ஆர் காசு போடுவினம் எண்டு கேக்கிற ஆக்கள் இருக்கினம். 1990 இல பூட்டினதுக்கும் 2003 இல சனத்துக்குத் திறந்ததுக்கும் இடையில பத்துப் பன்னிரண்டு வருசம் அந்த இடம் சினிமாப் படப்பிடிப்புக்கு மட்டும்தான் உதவினது. அப்ப நான் போய்ப் பாத்தனான். கூரைத் தண்ணிப் பீலி உடைஞ்சு, ஒரு மூலைச் சுவரால தண்ணி வடிஞ்சு வெள்ளைப் பூத்துப்போய்க் கிடந்தது. அதால காசு வந்ததைக் குறை சொல்லமாட்டன்.

ஆனால் எனக்கு மனம் ஒப்பேல்லை. கிடங்கு தானே பெரிசு எண்டு நிக்கக் கட்டினது. அதுக்குப் பின்னால நாற்பது மாடிக் கண்ணாடி நிக்கேக்க அது ஒரு பெட்டிக்கடை மாதிரித் தெரியுது. மாமா அண்ணாந்து சன்னல் எண்ணினவர் எண்டு தங்கச்சி எழுதினா. அந்த அண்ணாக்கிறதுக்கு இடம் விட்டிருக்கலாம்.

கறுப்பு நிறம் பற்றி ஒருத்தரும் கேக்கேல்லை, நானே சொல்லுறன். மரப்பீப்பாய்க்குள்ள கிடக்கிற சாராயம் வருசத்துக்கு நூற்றுக்கு ரெண்டு மூண்டு பங்கு ஆவியாப் போகும். விஸ்கி வேலை செய்யிறவை அதைத் தேவதையளின்ர பங்கு எண்டு சொல்லுவினம். அந்த ஆவியைத் திண்டு வளருற ஒரு கறுப்புப் பூஞ்சணம் இருக்கு. பிரான்சில கொன்யாக் ஊரில பொடுவான் எண்டவர் 1872 இல அதைப் பற்றி எழுதினவர். இஞ்ச ஒன்ராறியோவில வின்சருக்குக் கிட்ட, லேக்‌ஷோர் பக்கத்துப் பீப்பாய்க் கிடங்குகளைச் சுத்தியிருந்த வீடும் மதிலும் கறுத்துப்போய், ரொறன்ரோப் பல்கலைக்கழகத்து ஜேம்ஸ் ஸ்கொட் போய் ஆராய்ஞ்சு, கூட்டாளியளோட சேந்து 2007 இல அதுக்கு ஒரு புதுப் பேரினம் வகுத்தவர். பொடுவானின்ர பேரையே வைச்சு, பொடுவானியா எண்டு. பழைய சாராயக் கிடங்குச் சுவர் கறுப்பா இருந்தால் எல்லாம் கரிப்புகை எண்டு நினைச்சு அமிலம் போட்டுக் கழுவக் கூடாது எண்டதுக்காகச் சொல்லுறன். அமிலம் செங்கல்லின்ர தோலைத் திண்டுபோடும்.

---

கெடிலக்கரை எழுதியது:

அண்ணா, எல்லாவற்றையும் அச்செடுத்து மாமாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்கப் படித்தார். 'அது ஒரு சட்டை' என்ற வரியில் விரலை வைத்து, "பார்த்தியா, நான் சொன்னேன்ல, சுவர் தாங்காதுன்னு" என்றார்.

நேற்று மறுபடியும் போனோம். இந்த முறை பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு நானும் அவரும் மட்டும். ஸ்டூஃப்வில் தடத்தில்தான் போனோம், அஜின்கோர்ட் பயணிக்கு நன்றி. யூனியனில் இறங்கி, அந்த இஸ்திரிப் பெட்டிக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு, கிழக்கே நடந்தோம். நல்ல குளிர். மாமா மங்கி குல்லாய் போட்டுக்கொண்டு நடந்தார்.

முதலில் பள்ளிக்கூடம். அமிர்தகழி அக்கா, உங்களை நினைத்துக்கொண்டுதான் அங்கே நின்றோம். சின்னச் செங்கல் கட்டடம், கூர்மையான சன்னல்கள். மாமா தலையில் இருந்த குல்லாயை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். ஏன் என்று கேட்கவில்லை. அவர் ஐந்தாம் வகுப்போடு ஆலைக்குப் போனவர்.

கிடங்கில் அரைமணி நேரத்துக்கு மேல் இருந்தோம். மூட்டைத் தொட்டுப் பார்த்தார். ஒரு இடத்தில் மாவு மாதிரி விரலில் ஒட்டியது. கொஞ்சம் தள்ளி, இடுப்பு உயரத்தில், மூட்டு கறுஞ்சாம்பல் நிறத்தில் இறுகிப் போயிருந்தது. அதைச் சுற்றி நாலைந்து செங்கல் முகம் உரிந்து, உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. அண்ணா எழுதிய அதே மாதிரி. மாமா அந்தச் செங்கற்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். உடம்பு சரியில்லாத பிள்ளையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி இருந்தது.

அப்புறம் அவர் ஒன்று சொன்னார். பாய்லர் வீட்டில் அவருடைய வேலையே செங்கல் உள்பூச்சைப் பார்த்துக்கொள்வதுதானாம், எத்தனையோ முறை நெருப்புச் செங்கல் மாற்றியிருக்கிறாராம். இருபது வருடமாக இந்த வீட்டு மருமகள் நான், எனக்கு இது தெரியாது. ஆலை என்றால் பாய்லர், பாய்லர் என்றால் நெருப்பு, அவ்வளவுதான் நினைத்திருந்தேன். இந்த வடிசாலையில் கடைசிக் காலத்தில் மொலாசஸிலிருந்து ரம் வடித்தார்கள் என்று ஒரு பலகையில் படித்துக் காட்டினேன். மூக்கைத் தூக்கி ஒரு முறை மோந்து பார்த்துவிட்டு, "வாசனை போயிடுச்சு" என்றார்.

அண்ணா, மாமா உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார். முகம் உரிந்த அந்த இடத்தை உங்களுக்குக் காட்ட வேண்டுமாம். சுண்ணாம்பு எத்தனை நாள் ஊற வைப்பீர்கள், மணல் எவ்வளவு என்று கேட்க வேண்டுமாம். அடுத்த வியாழன் விமானம். அதற்குள் உங்களுக்கு முடியுமா?

---

சாந்தகப்பை எழுதியது:

தங்கச்சி, செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு வேலை முடியும். இப்ப வெளிச்சம் கெதியாப் போயிடும், அதால மூண்டரைக்கே வாறன், கேட்டு வாறன். பள்ளிக்கூட வாசலில நிக்கிறன். அங்க இருந்து சேந்து நடப்பம்.

ஊறப்போட்ட சுண்ணாம்பு ஒரு சின்ன வாளியில வீட்டில கிடக்கு, ஆறு மாதத்துக்கு மேல ஊறினது. கொண்டு வாறன். மாமா கையால பிசைஞ்சு பாக்கட்டும்.